தங்கச்சிச் சேலை

என் தாய்மாமன் சேவுகன் எந்த வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றி வைத்ததும் முதலில் கொடியருகே போவார். காய்கிற துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். மேல்பக்கத்தில் அவருக்கு அக்கறை கிடையாது. மறுபக்கம்தான் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் அப்படித்தான். "சேவுகன் வந்துட்டாரு, கோவணத்தை உள்ள எடுத்துப் போடுங்கடா" என்று எங்கள் ஊரில் கேலி செய்வார்கள். எதிரே நிற்கிறவர் தோளில் கிடக்கும் துண்டுகூடப் பேச்சு முடிவதற்குள் ஒருமுறை புரண்டுவிடும்.

ஒரே ஒரு வகைச் சேலையை மட்டும் அவர் திருப்பிப் பார்த்து நான் கண்டதில்லை. அது கொடியில் கிடந்தால் அந்தப் பக்கமே போகமாட்டார். அவர் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் அந்தச் சேலையில்தான் வந்து நிற்கிறேன்.

மாமா பிறந்தது கந்தர்வக்கோட்டைக்குக் கிழக்கே, மழையை நம்பிக் கடலை போடுகிற குடும்பத்தில். நிலம் போதாது. அதனால் மீசை அரும்புவதற்கு முன்பே புதுக்கோட்டைக்கு வந்து, கீழராஜ வீதியில் ஆத்மநாத பிள்ளையின் ஜவுளிக்கடையில் துணி மடிக்கச் சேர்ந்தார். மடிக்கிறவர் அளக்கிறவரானார். அளக்கிறவர் பிறகு வண்டியில் சரக்கேற்றிக்கொண்டு சந்தை சந்தையாகப் போய் விற்கிறவரானார். பிள்ளை கடையில் விற்றதெல்லாம் சீமைத் துணி. மான்செஸ்டரில் நெய்து, சென்னைக்குக் கப்பலில் வந்து, அங்கே ஒரு இறக்குமதிக் கம்பெனி மூலம் புதுக்கோட்டைக்கு வரும். பேல் என்கிற பெரிய துணிப்பொதியைப் பிரித்ததும் கஞ்சி மணம் தெருவரை வீசும். ஒவ்வொரு துணியிலும் யானையோ கிளியோ தேரோ படமாக ஒட்டியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத சனம் படத்தைச் சொல்லித்தான் துணி கேட்கும்.

மறுபக்கத்தைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு விராலிமலைச் சந்தையில் வந்தது. எங்கள் பக்கத்துக் குடியானவப் பெண்கள் கொசுவத்தைப் பின்னால் வைத்துக் கட்டுகிறவர்கள். இடுப்புக்குப் பின்னால் விசிறிபோல விரியும் அந்த மடிப்பில் துணியின் உள்பக்கமும் வெளியே தெரியும். மான்செஸ்டர் சேலைக்கு ஒரு பக்கம்தான் அச்சு. மறுபக்கம் வெளுத்துக் கிடக்கும். ஒருநாள் சந்தையில் ஒரு பெண் சேலையை உதறிப் பார்த்துவிட்டு அவர் மடியிலேயே எறிந்தாளாம்.

"ஏய்யா, முன்னால மகாராணி, பின்னால முண்டச்சியா? இதைக் கட்டிக்கிட்டு நான் எப்புடித் திரும்பி நடக்குறது?"

சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் அதை மறக்கவில்லை. பிள்ளையிடம் சொன்னார். பிள்ளை சென்னைக் கம்பெனிக்கு எழுதினார். அடுத்தமுறை கம்பெனி ஆள் வந்தபோது நேரிலேயே கேட்டார்கள். அவர் தொப்பியால் விசிறிக்கொண்டே சொன்ன பதிலை மாமா கடைசிவரை அதே குரலில் சொல்லிக் காட்டுவார்: "அம்பது வருஷமா இதே துணிதான் வித்திருக்கு. ஒங்க பொம்பளைங்களை முன்னால கொசுவம் வைக்கச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு வந்தது 1930ஐ ஒட்டிய மோசமான காலம். கடலை விலை தரைக்கு வந்துவிட்டது. விற்றவன் கையில் காசில்லை. வெள்ளைக்காரச் சீமையின் கீழிருந்த ஊர்களில் அந்நியத் துணிக்கடைகளுக்கு முன்னால் மறியல் நடந்தது. ராஜா ஆண்ட நம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அவ்வளவு இல்லையென்றாலும், திருச்சிக்குப் போய் வந்தவர்கள் சீமைத் துணி கட்டக் கூச்சப்பட்டார்கள். பிள்ளை கடையில் பேல்கள் பிரிக்காமலே கிடந்தன. எலி கடித்தது.

"தைக்குள்ள சரக்கு நகரலைன்னா கடையை மூடிட்டு அரிசி மண்டி வைக்கப்போறேன்" என்றார் பிள்ளை. "ஒனக்கு மூட்டை தைக்கத் தெரியுமா சேவுகா?"

அந்தச் சமயத்தில்தான் நாகராசு வந்தார். புதிதாகப் போட்ட ரயிலில் திருச்சியிலிருந்து வந்து இறங்கிய சின்ன வயசுக்காரர், மதுரைப் பக்கத்து ஆள். சென்னையில் ஒரு ஜப்பான் வியாபாரக் கம்பெனிக்கு வேலை பார்த்தார். கையில் சாம்பிள் புத்தகம் இருந்தது. ஆனால் அதைத் திறக்கவே இல்லை. கேள்விதான் கேட்டார். பெண்கள் எப்படிக் கட்டுகிறார்கள், எத்தனை முழம் வேண்டும், கல்லில் அடித்துத் துவைப்பார்களா, எந்த வயதுக்கு எந்த நிறம். மாமாவோடு வண்டியில் ஏறி விராலிமலைச் சந்தைக்கும் வந்தார். கொசுவம் எப்படி விரிகிறதென்று உற்றுப் பார்த்து அடி வாங்கப் பார்த்தார். திரும்பி வரும்போது மாமாவிடம், "சேவுகண்ணே, எனக்கு ஒரு முழுச் சேலை வேணும்" என்றார்.

"கடையில அடுக்கிக் கெடக்கு. எடுத்துக்கங்க."

"விக்காத சேலை எதுக்குண்ணே? ஒருத்தி பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டிக் காப்பாத்துற சேலை வேணும். அதுதான் அவங்க மனசுல இருக்குற சேலை."

மாமாவுக்கு உடனே தன் தங்கையின் கூறைச் சேலை நினைவுக்கு வந்திருக்கிறது. அந்தத் தங்கை அமிர்தவல்லி. என் அம்மா.

அம்மாவின் கூறையை நான் சின்ன வயதில் பார்த்தது மங்கலாக நினைவிருக்கிறது. அரக்குச் சிவப்பில் மஞ்சள் கட்டம். கரையில் உருத்திராட்சம் கோத்ததுபோல வரிசையாகப் பொட்டு. முந்தியில் ஓரிடத்தில் மட்டும் நெய்தவர் ஒரு பொட்டை விட்டுவிட்டார். பதினாறு முழமும் இரண்டு பக்கமும் ஒரே நிறம். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்குத் தாலி கட்டும்போது, அவளைப் பெற்றவளின் கூறையை மடித்து மணையில் போட்டு அதன்மேல்தான் உட்கார வைப்பார்கள். என் அக்கா செவந்திக்காக அம்மா அதைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை வெயிலில் காட்டி மடிப்பை மாற்றி வைப்பாள்.

மாமா மத்தியானத்தில் வந்தார். அம்மா சோறு போட்டாள். முதல் சோறு முடிந்து ரசத்துக்குச் சோறு வாங்கிக்கொண்ட பிறகுதான் பேச்சை எடுத்தார். அம்மா இதை எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். "சோத்துல கைய வச்சுக்கிட்டுக் கேட்டா எப்புடி இல்லைங்கிறது? அதுவும் கூடப்பெறந்தவரு." சாப்பிடுகிறவர் கேட்டதை இல்லையென்று சொல்லி எழுப்பிவிடுவது எங்கள் வீடுகளில் கிடையாது. மாமாவுக்கு அது தெரியும்.

"அமிர்தம், ஒங் கூறையக் கொஞ்சம் குடேன்."

"எதுக்கு, அண்ணிக்குக் கட்டிவிடவா? அவுகளுக்குப் பதினாறு முழம் பத்தாதே."

"வெளையாடாத. கடைக்கு, சாம்பிளுக்கு."

"கூறைய யாராச்சும் கடைக்குக் குடுப்பாகளா அண்ணே? செவந்தி மணைக்கு அதுதான்."

"செவந்தி கல்யாணத்துக்கு இன்னும் நாள் கெடக்கு. மூணு மாசத்துல கொண்டாந்து பொட்டிக்குள்ள நானே வச்சிர்றேன்."

"எங்கிட்டுப் போகுது?"

"பட்டணத்துக்கு."

"குடுக்கலைன்னா?"

"குடுக்கலைன்னா அடுத்த தடவை கோணி ஊசியோட வாரேன். அரிசி மூட்டை தைக்கப் போறோம்ல."

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை. சேலையை எடுத்து ஒரு பழைய வெள்ளைத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். துண்டை மாமா வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "முந்தியில ஒத்தப் பொட்டு விட்டுப்போயிருக்கும் அண்ணே. அதான் அடையாளம். வேற எதையும் மாத்திக் கொண்டாந்துராதீக" என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள்.

மாமா பொய் சொல்லவில்லை. சேலை சென்னைப் பட்டணத்துக்குத்தான் போயிற்று. பட்டணத்தோடு அது நிற்காது என்பதை மட்டும் சொல்லவில்லை. இன்னொன்றையும் அவர் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று.

அடுத்த வருஷம் புதுச் சரக்கு வந்தது. அரக்குச் சிவப்பு, மஞ்சள் கட்டம், உருத்திராட்சக் கரை. பதினாறு முழம் நீளம். இரண்டு பக்கமும் அச்சு. கடைப் பையன்கள் என்ன பெயர் சொல்லி விற்பதென்று கேட்டபோது மாமா யோசிக்காமல், "தங்கச்சிச் சேலை" என்றாராம். அந்த வருஷம் சர்க்கார் ஜப்பான் துணிக்கு இங்கிலாந்துத் துணியைப்போல மூன்று மடங்கு வரி போட்டது. அப்படியும் தங்கச்சிச் சேலை மான்செஸ்டர் சேலையைவிட மலிவு. அரிசி மண்டிப் பேச்சு நின்றது. பிள்ளை கடைக்கு வெள்ளையடித்தார். எலி கடித்த யானைப் படங்களும் கிளிப் படங்களும் பின்கட்டுக்குப் போயின.

தைப்பூசத்துக்கு அம்மா விராலிமலைக்குப் போயிருந்தாள். மலைப்படியில் ஏறும்போது முன்னால் போனவளின் முந்தியைப் பார்த்தாள். உருத்திராட்ச வரிசையில் ஒரு பொட்டு இல்லை. அதே இடம். பாய்ந்து முந்தியைப் பிடித்துவிட்டாள்.

"ஏய், இது எங் கூறை!"

"ஆத்தாடி!" என்று அந்தப் பெண் திரும்பினாள். "நாலு பேரு ஏறுற படியில முந்தியப் புடிச்சு இழுக்குறியே, ஒனக்குக் கிறுக்கா? எம் புருசன் பிள்ளை கடையில வாங்கிக் குடுத்தது. அங்கிட்டுப் பாரு, அவ கட்டியிருக்கா. இந்தா, இவளும் கட்டியிருக்கா. எல்லாம் ஒங் கூறைதானா? ஊருக்கே நீதான் கட்டிவிட்டியாக்கும்!"

அம்மா பார்த்தாள். படி நெடுக அவள் கூறை ஏறிக்கொண்டிருந்தது. எல்லா முந்தியிலும் ஒரு பொட்டு விட்டுப்போயிருந்தது. கடலுக்கு அப்பால் எவரோ ஒரு தொழிலாளி, இது பிழையா அழகா என்று தெரியாமல், உள்ளது உள்ளபடி அச்சில் வெட்டியிருக்கிறார்.

சாமி கும்பிடாமல் இறங்கி அடிவாரத்தில் மாமா விரித்திருந்த கடைக்கு வந்தாள். கூட்டம் மொய்த்தது. மாமாவின் கை நிறையச் சிவப்பு.

"அண்ணே, எஞ் சேலை பட்டணத்துக்குத்தான போச்சு?"

"ஆமா."

"பட்டணத்துல எந்தத் தெரு?"

மாமா முழக்கோலைக் கீழே வைத்தார். "ஜப்பானு" என்றார். பிறகு அவசரமாக, "வந்துரும் அமிர்தம். மூணே மாசம். கப்பல்ல வருது" என்றார்.

அன்றிலிருந்துதான் அவர் தங்கச்சிச் சேலையைத் திருப்பிப் பார்ப்பதை நிறுத்தினார் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. அவர் வந்தவுடன் அம்மா கேட்பாள்.

"கப்பல் ஏறிருச்சா அண்ணே?"

"ஏறிருச்சு."

"எங்கிட்டு வருது?"

"சிங்கப்பூர்ல நிக்குது."

"போன தடவையும் அங்கதான நின்னுச்சு? நங்கூரத்தைப் புடுங்கச் சொல்லுங்க."

இருவரும் சிரிப்பார்கள். அம்மாவின் சிரிப்பு வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது.

இந்தக் கதையை ஒரு பக்கமாகச் சொல்லி மாமாவைக் குற்றவாளியாக நிறுத்திவிட என்னால் முடியவில்லை. எங்கள் கடலைக் கொல்லையில் இருளாண்டி என்பவர் குடும்பத்தோடு வேலை செய்தார். அவர் மனைவி சொர்ணம். ஒருமுறை கடலை எடுப்பு முடிந்த அன்று சொர்ணம் தங்கச்சிச் சேலை கட்டிக்கொண்டு கூலி வாங்க வந்தாள். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். சொர்ணம் பயந்துபோய், "நல்லால்லீங்களா ஆத்தா?" என்றாள்.

"யாரு சொன்னா? நல்லாத்தான் இருக்கு."

"எனக்குக் கூறைன்னு ஒண்ணு எடுத்ததே இல்லீங்க. தாலி கட்டுறப்ப எங்கக்கா சேலையத்தான் கட்டியிருந்தேன். மறுநாளு திருப்பிக் குடுத்துட்டேன். இதான் எனக்குன்னு வந்த கூறை." கொசுவத்தை ஒருமுறை திரும்பிக் காட்டினாள். "எம் புருசன்கூட நிமிந்து பாத்தாருங்க."

அம்மா அதற்குப் பிறகு அந்தச் சேலையைப் பழித்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. தன்னுடையதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாமாவின் சம்பளம் உயர்ந்தது. பிள்ளைகள் இல்லாத அவர் என்னைப் புதுக்கோட்டைக் கல்லூரியில் சேர்த்து, பிறகு திருச்சிக்கு அனுப்பி பி.ஏ. படிக்க வைத்தார். பொருளாதாரம் எடுத்தேன். மான்செஸ்டர் இருக்கும் லங்காஷயரின் பஞ்சாலைகள் ஏன் வீழ்ந்தன என்று பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. ஜப்பானில் கூலி குறைவு, யென் மதிப்பைக் குறைத்தார்கள், புது யந்திரங்கள், இந்தியாவிலேயே ஆலைகள் பெருகியது, சுதேசி, சுங்க வரி என்று எழுதினேன். நல்ல மார்க்கு வந்தது. எழுதியதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் எழுதும்போது தொப்பியால் விசிறிக்கொண்ட அந்த மனிதர் குரலும், விட்டுப்போன அந்தப் பொட்டும் வந்து வந்து போயின. அவற்றை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது? பழைய தொழில்காரர்கள் பிழைக்க வேண்டுமானால் வாங்குகிறவளிடம் போய்க் கேட்க வேண்டும் என்று மாமா சொல்வார். சரிதான். கேட்டவர்கள் வென்றார்கள். கேட்கும்போது ஒருத்தி தன் பெட்டியைத் திறந்து கொடுத்தாளே, அவளுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் திரும்பி வந்து கேட்கவில்லை. அந்த லாபத்தில் படித்தவன் நான் என்பதால், இதை யார்மீதோ சொல்லும் குற்றமாக எழுதவும் எனக்குக் கை வரவில்லை.

செவந்தி அக்காவின் கல்யாணம் 1939 ஆவணியில். அதற்கு முன்பாகவே மாமா நாகராசுவிடம் திரும்பத் திரும்ப ஆளனுப்பிக் கேட்டார். சேலை வரவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் தாமே ஒரு கூறை வாங்கி வந்தார். அசல் தறி நெசவு, அரக்குச் சிவப்பு, உருத்திராட்சக் கரை. அம்மா முந்தியை விரித்தாள். எல்லாப் பொட்டும் இருந்தன.

"நல்ல சேலை" என்றாள். "தாய்மாமன் சீரா இருக்கட்டும், செவந்தி கட்டிக்கிடுவா. மணைக்கு இது ஆகாது அண்ணே. நான் உடுத்துன சேலைதான் ஆகும்."

"ஒரு நாளைக்கு இதை உடுத்திக் குடுத்துரேன் அமிர்தம். யாருக்குத் தெரியப்போகுது?"

"மணைக்குத் தெரியும்" என்றாள் அம்மா. குரலில் கோபமே இல்லை.

மறுநாள் அக்கா வெறும் மணையில் உட்கார்ந்தாள். பந்தலில் வந்திருந்த பெண்களில் பாதிப்பேர் தங்கச்சிச் சேலை கட்டியிருந்தார்கள். மாமா தாலி கட்டும்வரை நின்றார். பந்திக்கு உட்காரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் சாப்பிட்டதே இல்லை. பொங்கலுக்குச் சீர் கொண்டுவருவார், தண்ணீர் குடிப்பார், போய்விடுவார். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "வயித்துல எடமில்ல" என்பார்.

சில நாளிலேயே ஐரோப்பாவில் யுத்தம் ஆரம்பித்தது. பிறகு ஜப்பானும் அதில் குதித்தது. ஒரே இரவில் ஜப்பான் சரக்கு எதிரிச் சரக்காயிற்று. பிள்ளை கடையில் மிச்சமிருந்த சேலைகளில் படத்தைக் கிழித்துவிட்டு விற்றார்கள். மான்செஸ்டர் சரக்கும் வரவில்லை. கப்பல்கள் சண்டைக்குப் போய்விட்டன. கோயம்புத்தூர், மதுரை ஆலைகளில் நெய்ததில் பட்டாளத்துக்குப் போக மிஞ்சியது கண்ட்ரோல் துணி என்று கூப்பனுக்கு வந்தது. பிள்ளை கடைக்கு முன்னால் விடியுமுன் வரிசை நின்றது. கரையைப் பற்றி, கொசுவத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கிடைத்தால் போதும். லீவுக்கு நான் போயிருந்தபோது மாமா வரிசையைக் காட்டிச் சொன்னார்.

"பாத்தியா மாப்ள. இப்ப நாம மஞ்சஸ்டர்காரனாயிட்டோம். குடுக்குறதை வாங்கிக்க, இல்லேன்னா நடையைக் கட்டு. நம்ம ஆலைக்காரன் நல்லாப் பழகிக்கிட்டான். சண்டை முடிஞ்சப்பறம் இவனுக்கும் ஒருத்தன் எங்கிட்டிருந்தாவது வருவான்."

அந்த வரிசையில் சொர்ணமும் நின்றாள். தங்கச்சிச் சேலை சாயம் மங்கிச் செங்கல் நிறமாகியிருந்தது. இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தாள். முந்தியில் அந்தப் பொட்டில்லாத இடம் மட்டும் அப்படியே தெரிந்தது. மாமா அவளுக்குத் துணி அளக்கும்போது தலை நிமிரவில்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம், 1946 ஐப்பசியில், நான் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஒரு காலை பிள்ளை கடையில் மாமாவோடு உட்கார்ந்திருந்தபோது சென்னை இறக்குமதிக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். பழைய தொப்பிக்காரர் இல்லை. இளைஞர், நம் ஊர்க்காரர்தான். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. கீழே பாயில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். மான்செஸ்டரில் எத்தனையோ ஆலைகளை மூடி யந்திரங்களைக் கழித்துவிட்டார்களாம். மிச்சமிருப்பவர்கள் இனி மலிவுக்குப் போட்டி போடமாட்டார்களாம். நல்ல துணியாக, கேட்கிறவர்கள் கேட்கிறபடி செய்யப்போகிறார்களாம்.

"அதனால ஒங்க பொம்பளைங்க என்ன விரும்புறாங்கன்னு தெரியணும்" என்றார். "ஐயா ரொம்ப நாள் அனுபவஸ்தர்னு சொன்னாங்க. நல்ல பழைய சேலை, வீட்டுல பத்திரமா வச்சிருக்கிறது, ஒண்ணு கெடைச்சாப் போதும். பாத்துட்டுத் திருப்பி அனுப்பிச்சிர்றோம்."

பிள்ளையின் முகம் மலர்ந்தது. "நம்ம சேவுகன் நெனச்சா ஒண்ணென்ன, பத்துக் கொண்டாருவான்."

மாமா எழுந்தார். "எங்க ஊர்ல யாரும் குடுக்கமாட்டாங்க" என்றார்.

"கேட்டுப் பாரேன் சேவுகா."

"கேக்கமாட்டேன் மொதலாளி. நெய்யணும்னா அவுகளே வந்து சந்தையில நின்னு கண்ணால பாத்துட்டுப் போகட்டும்."

பிள்ளை அவரை அப்படிப் பேசிக் கண்டதில்லை. வந்தவர் சங்கடப்பட்டுப் புத்தகத்தை மூடினார். அவர் பாவம், கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். அவருடைய கம்பெனி இருபது வருஷத்துக்கு முன்பே கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவர் போனபிறகு மாமா என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே பழைய யானைப் படங்கள் இன்னும் கிடந்தன. சுவரில் மாட்டியிருந்த கத்திரிக்கோலை எடுத்து ஒரு கண்ட்ரோல் துணியின் மூலையைச் சாணளவு வெட்டி என் கையில் கொடுத்தார்.

"சாம்பிள்னா இதான் மாப்ள. அச்சு வெட்டுறவனுக்கு ஒரு துண்டு, சாயக்காரனுக்கு ஒரு துண்டு, கம்பெனிக்கு ஒண்ணு, ஏசெண்டுக்கு ஒண்ணு. சாம்பிளுக்குப் போன துணி முழுசாத் திரும்பாது. நான் வெட்டாத சாம்பிளா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. "அப்ப அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஒங்காத்தா வீட்டுல சோத்துல கைய வைக்கிறப்பவே தெரியும்."

பின்கட்டில் வெளிச்சம் குறைவு. அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. "நீ படிச்சவன். நீ ஆத்தாகிட்டப் பக்குவமாச் சொல்லிரேன்" என்றார்.

"நீங்கதான் மாமா சொல்லணும்."

வெகுநேரம் கத்திரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "சரி. பொங்கச் சீரோட வாரேன். வந்து சொல்றேன். சொல்லிட்டு, அவ போட்டா ஒரு வாய் சாப்புடுறேன்" என்றார். "பொங்கலுக்கு வாரேன்னு மட்டும் சொல்லி வையி."

அம்மாவிடம் அதை மட்டும் சொன்னேன். "வருஷா வருஷம் வர்றவருதான, இதுல சொல்லிவிட என்ன இருக்கு?" என்று உள்ளே போகத் திரும்பியவள், "சேலை வந்திருச்சோ என்னவோ" என்றாள்.

மார்கழியில் மாமாவுக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டி நாலாம் நாள் போய்விட்டார். நாங்கள் போய்ச் சேரும்போது கிடத்தியிருந்தார்கள். மேலே போர்த்த நல்ல துணி கிடைக்காமல் பிள்ளை கூப்பன் துணியில் இரண்டு கொடுத்தனுப்பியிருந்தார். அம்மா அழுதுகொண்டே அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, அந்தத் துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நேராக இழுத்துவிட்டாள்.

இது நடந்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஜப்பானோடு வியாபாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடப்போகிறார்கள் என்று போன வாரம் பத்திரிகையில் வந்தது. அங்கே ஆலைகளில் மறுபடி தறி ஓடுகிறதாம். அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். கடலை உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

அவள் பெட்டியின் அடியில், அன்று மாமா திருப்பிக் கொடுத்த வெள்ளைத் துண்டு மடித்தபடி இருக்கிறது. அதன்மேல் வேறு எந்தத் துணியையும் அவள் வைப்பதில்லை. மாமா அவளுக்குத் தர வேண்டியிருந்தது ஒரு சேலை மட்டுமல்ல, ஒரு வார்த்தையும்தான். அதை அவருக்காக நான் சொல்லலாமா, சொன்னால் அவர் சொன்னதாகுமா என்று தெரியாமல் பத்திரிகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பக் கப்பல் வரும்ல?" என்றாள் அம்மா. "வரட்டும். செவந்தி மக மணைக்காவது ஆகும்."